கையைக் கடிக்காமல் கையைக் காப்போம்: மவுண்டன் பைக் வீடுகளுக்கு 46 குறிப்புகள்

வார இறுதி விடிந்தால் ஜொகூரின் குளுவாங், கூலாய், லாபிஸ், பொந்தியான் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் மவுண்டன் பைக் கூட்டம்தான். போனவர்கள் திரும்பி வரும்போது முழங்கையிலும் முன்கையிலும் ஏதாவது ஒரு சிராய்ப்பு இருக்கும். நண்பர்களே, எல்போ பேட் வாங்க நினைக்கும் வீடுகளுக்கும், வாங்கியதைச் சிக்கனமாகப் பராமரிக்க நினைக்கும் வீடுகளுக்கும் இந்தக் குறிப்புகள். நம் ஊர்ப் புழுக்கத்தில் எந்த பேடைக் கழற்றி எறியத் தோன்றவில்லையோ, அதுதான் நல்ல பேட். இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வாங்கப் போகும் முன்

1. எந்தப் பாதையில் ஓட்டுகிறோம் என்று முதலில் பாருங்கள். செம்பனைத் தோட்டத்து அகலப் பாதையில் பிள்ளைகளோடு உருட்டுகிறவர்களுக்கு மெல்லிய பேட் போதும். கல்லும் வேரும் நிறைந்த இறக்கத்தில் பாய்கிறவர்களுக்குத்தான் தடித்த பேட் வேண்டும்.

2. சில பைக் பார்க்குகளில் பாதையின் கடினத்தைப் பலகையே சொல்லிவிடும்: பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். நமக்கு எதிரே, சிங்கப்பூரின் புலாவ் ஊபினில் 2008-இல் திறந்த கெத்தாம் பைக் பார்க்கிலும் இதுபோன்ற குறிகள் உண்டு. நீலத்தோடு நிற்கிறவர் நடுத்தர பேட் வாங்கினால் போதும். கறுப்புக்கு ஆசை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

3. கையில் பணம் குறைவாக இருந்தால் இந்த வரிசையில் வாங்குங்கள்: ஹெல்மெட், முழுவிரல் கையுறை, முழங்கால் பேட், முழங்கை பேட், கடைசியாக முன்கை உறை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மலிவாக வாங்குவதைவிட, மாதம் ஒன்றாக நல்லதாக வாங்கலாம்.

4. உலக சைக்கிள் சங்கமான யூசிஐ, டவுன்ஹில் பந்தயத்துக்கு முழுமுக ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. முழங்கை பேடைப் போடும்படி பரிந்துரை மட்டும் செய்கிறது. உள்ளூர் சைக்கிள் ஜம்போரிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி இருக்கும். பதிவு செய்யும் முன் விதிமுறையைப் படித்துவிட்டால், கடைசி நேரத்தில் ஓடிப்போய் அகப்பட்டதை வாங்க வேண்டியிருக்காது.

5. மண்ணையும் பாருங்கள். பொந்தியான் பக்கத்துக் கரிமண்ணில் விழுந்தால் அடி குறைவு, ஆனால் அன்னாசி இலையின் கூர்நுனி கையைக் கீறிவிடும். அங்கே நீளமான துணி உறை உதவும். சரளை கலந்த செம்மண் பாதையில் தோலே உரிந்துவிடும் என்பதால் முழங்கையில் கெட்டியான பேட் அவசியம்.

6. முன்கையில் அதிகம் அடிபடுவது சுண்டுவிரல் பக்கத்து எலும்பு. அந்த எலும்பின் மேல் சதை குறைவு, விழும்போது முதலில் தரையைத் தொடுவதும் அதுதான். முன்கைக் காப்பு வாங்கினால் கெட்டிப் பகுதி மேல்பக்கத்தில் மட்டும் இருக்கிறதா, இந்த ஓரத்தையும் மூடுகிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

7. பேட் எதைக் காக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விழும்போது உள்ளங்கையை ஊன்றினால் மணிக்கட்டு, முழங்கை மூட்டு எலும்பு, தோள்பட்டைக் காறை எலும்பு இவற்றில் அடி இறங்கும். அதை எந்த எல்போ பேடும் தடுக்காது. பேட் போட்டாயிற்றே என்று பிள்ளைகள் வேகத்தைக் கூட்டினால் இதைச் சொல்லி வையுங்கள்.

8. தையல் டேப்பால் வீட்டிலேயே அளவெடுத்துவிடுங்கள். கையைச் சற்றே மடக்கி, முழங்கைக்கு மேலே புஜத்தின் சுற்றளவு, கீழே முன்கையின் சுற்றளவு என்று இரண்டையும் சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். முழங்கையிலிருந்து எவ்வளவு தள்ளி அளக்க வேண்டும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் அவரவர் அட்டவணைப் படத்தைப் பார்த்து அளப்பது நல்லது.

9. இரண்டு கையையும் அளந்து பாருங்கள். வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு வலது முன்கை கொஞ்சம் பருத்திருக்கும். பெரிய கையின் அளவை வைத்து வாங்கினால் ஒரு பக்கம் மட்டும் இறுக்குகிறதே என்ற தொல்லை இருக்காது.

கடையில் தேர்ந்தெடுக்கும்போது

10. பேடின் உள்பக்கம் தைத்திருக்கும் சின்ன லேபிளைத் தேடுங்கள். ஈ.என். 1621-1 என்று இருந்தால், மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் கை கால் மூட்டுக் காப்புக்கான ஐரோப்பியச் சோதனையில் தேறியது என்று பொருள். நல்ல மவுண்டன் பைக் பேடுகளும் இதே சோதனைக்குத்தான் போகின்றன. பெட்டியில் மட்டும் பெரிதாக அச்சடித்து, பேடில் லேபிள் இல்லாவிட்டால் கீழே வைத்துவிடுங்கள்.

11. அதே லேபிளில் 1 அல்லது 2 என்று நிலை எண் இருக்கும். சோதனையில் பேடைத் தாண்டி உள்ளே இறங்கும் விசை சராசரியாக 35 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் நிலை 1, 20-க்குள் இருந்தால் நிலை 2. நிலை 2 பெரும்பாலும் தடிமனாகவும் சூடாகவும் இருக்கும். சாதாரணத் தோட்டப் பாதைக்கு நிலை 1 தாராளமாகப் போதும்.

12. லேபிளில் ‘டி’ எழுத்தோடு கூட்டல் குறி தெரிந்தால், 40 டிகிரி வெப்பத்திலும் சோதித்த பேட் அது. வெயிலில் சில நுரைகள் இளகிவிடும் என்பதால் இந்தக் குறி நமக்குப் பயன்படும். கழித்தல் குறி உறைபனிக் குளிருக்கு. ஜொகூரில் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

13. ஈ.என். 14120 என்று போட்டிருந்தால் அது ஸ்கேட்டிங் பேட். தாமான் பூங்காவில் சைக்கிள் பழகும் பிள்ளைக்கும், உருளைக் காலணி போடும் பிள்ளைக்கும் அது ஏற்றது. காட்டுப் பாதைக்கு அதையே நம்பி இருக்க வேண்டாம்.

14. டி3ஓ, சாஸ்-டெக் போன்ற பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். மெதுவாக வளைத்தால் இளகிக் கொடுத்து, சட்டென்று அடித்தால் இறுகிக்கொள்ளும் நுரை அது; தண்ணீரில் குழைத்த சோளமாவை விரலால் மெல்ல அழுத்தியும், பிறகு ஓங்கிக் குத்தியும் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். நாள் முழுக்க ஓட்டுகிறவர்களுக்கு இந்த வகை லேசாக இருக்கும்.

15. வெளியே பிளாஸ்டிக் ஓடு போட்ட பேட் சரளையில் வழுக்கிச் செல்லும், அதனால் கை முறுக்கிக்கொள்வது குறையும். துணி மூடிய பேட் கொடியிலும் முள்ளிலும் மாட்டாது, சட்டைக்கு உள்ளேயும் அடங்கும். கல் பாதைக்கு ஓடு, காட்டுப் பாதைக்குத் துணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

16. காலுறை போல இழுத்துப் போடும் வகை லேசானது, மலிவானதும் கூட. பட்டை ஒட்டும் வகையைக் கையுறை கழற்றாமலே கழற்றி மாட்டலாம். ஏற்றம் அதிகமுள்ள பாதைக்குப் போகிறவர்களுக்குப் பட்டை வகையே வசதி.

17. முழங்கையின் உள்மடிப்பில் என்ன துணி இருக்கிறது என்று தடவிப் பாருங்கள். வலைத்துணியோ திறந்த ஓட்டையோ இருந்தால் காற்று போகும். தடித்த துணியாக இருந்தால் அங்கேதான் வேர்க்குரு வரும். இந்த ஒரு இடத்தைப் பார்த்தே பாதி பேடுகளை ஒதுக்கிவிடலாம்.

18. பேடைப் போட்டுக்கொண்டு கையை நேராக நீட்டிப் பார்த்தால் எல்லா பேடும் சரியாகத்தான் இருக்கும். கடையில் நிற்கும் ஒரு சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்து, முழங்கையை வெளிப்பக்கம் விரித்துக் குனியுங்கள். அந்த நிலையில் எலும்பு முனை பேடின் குழியில் நடுவாக உட்கார்ந்தால் அதுவே உங்கள் அளவு.

19. பேட் எவ்வளவு தடிமன் என்றாலும் விழும்போது நழுவினால் பயனில்லை. கூட வந்தவரை பேடின் கீழ் ஓரத்தைப் பிடித்து மணிக்கட்டுப் பக்கம் வெடுக்கென்று இழுக்கச் சொல்லுங்கள். எலும்பு முனை வெளியே தெரிந்தால் ஒரு அளவு குறைத்துப் போட்டுப் பாருங்கள்.

20. இறுக்கமும் அளவோடுதான் இருக்க வேண்டும். பேடைப் போட்டபடியே டியூப், பிரேக் கட்டை என்று மற்றச் சாமான்களைப் பத்து நிமிடம் பாருங்கள். மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்தால் முழங்கை நரம்பு அழுந்துகிறது என்று பொருள், வேறு அளவைக் கேளுங்கள்.

21. மேல் விளிம்பில் சிலிக்கான் பட்டை ஓடுகிறதா என்று பாருங்கள், நழுவாமல் பிடிப்பது அதுதான். முழுப் பட்டையைவிடப் புள்ளியாகவோ அலையாகவோ ஒட்டியிருப்பது வியர்வையில் குறைவாக அரிக்கும். இடது, வலது குறி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

22. முழங்கையோடு முன்கையையும் மூடும் நீள பேட் ஒரே செலவில் இரண்டு வேலை செய்யும், ஆனால் சூடு அதிகம். பந்தயத்துக்கும் செங்குத்து இறக்கத்துக்கும் போகிறவர்கள் மட்டும் அதை வாங்கட்டும். மற்றவர்கள் குட்டை பேடும் மெல்லிய முன்கை உறையும் தனித்தனியாக வாங்கினால், வேண்டியதை மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

23. 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரிலும் வார விடுமுறை சனி, ஞாயிறு ஆகிவிட்டது, சைக்கிள் கடைக்குக் கூட்டம் வருவதும் அந்த இரண்டு நாளில்தான். வார நாளின் மாலையில் போனால் கடைக்காரர் நின்று பேசுவார், நாலைந்து அளவு எடுத்துக் காட்டுவார். பகல் வெயிலுக்குப் பிறகு கை சற்று உப்பியிருப்பதால் அளவும் நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

வெள்ளியை மிச்சம் பிடிக்க

24. ஷோப்பீ, லசாடாவில் வாங்கும்போது எம், எல் என்ற எழுத்தை நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியின் எம் இன்னொன்றின் எல் ஆக இருக்கும். நீங்கள் குறித்து வைத்த சென்டிமீட்டரோடு ஒப்பிட்டு, வாங்கியவர்கள் முழங்கையை மடக்கி எடுத்துப் போட்ட படங்களையும் பாருங்கள்.

25. வெளிநாட்டுக் கடையிலிருந்து நேராக வரும், 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதோடு தபால் செலவையும் கூட்டிப் பாருங்கள். உள்ளூர்க் கடையின் விலையே மலிவாகப் பட்டால், கையில் போட்டுப் பார்த்து வாங்கும் வசதியும் கூடவே வரும்.

26. 11.11, 12.12 விற்பனைக்குக் காத்திருக்கிறவர்கள் அக்டோபரிலேயே விலையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விலையை ஏற்றிவிட்டுக் குறைக்கிறார்களா, நிஜமாகவே குறைக்கிறார்களா என்று தெரிந்துவிடும். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுத்துவிட்டால் அளவு மாறி வந்தாலும் திருப்பி அனுப்புவது சுலபம்.

27. விலையை ஆயுளால் வகுத்துப் பாருங்கள். 40 வெள்ளி பேட் ஆறு மாதத்தில் தளர்ந்தால் வருடத்துக்கு 80 வெள்ளி. 150 வெள்ளி பேட் மூன்று வருடம் வந்தால் வருடத்துக்கு 50 வெள்ளிதான். இந்தக் கணக்கு சரியாக வர, கீழே சொல்லியிருக்கும் துவைக்கும் முறையையும் கடைப்பிடிக்க வேண்டும்.

28. பழையது வாங்குகிறவர்கள் நுரையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உடனே எழும்பினால் உயிர் இருக்கிறது. குழி அப்படியே நின்றாலோ தூள் உதிர்ந்தாலோ இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். வெல்க்ரோவைப் பத்து முறை ஒட்டிப் பிரித்தும் பார்த்துவிடுங்கள்.

29. வளரும் பிள்ளைக்கு, அடுத்த வருடமும் ஆகட்டும் என்று பெரிய பேட் வாங்காதீர்கள். பள்ளிச் சட்டைக்கு அந்தக் கணக்கு சரி, பேட் பெரிதானால் விழும்போது சுழன்றுவிடும். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, சிறுத்துப்போனதைக் கைமாற்றிக்கொண்டால் எல்லாருக்கும் லாபம்.

30. முள்ளுக்கும் வெயிலுக்கும் மட்டும் முன்கையை மூட வேண்டுமென்றால் தனி உறையே தேவையில்லை. ஜொகூர் பாருவில் பழைய துணி விற்கும் பண்டல் கடைகளுக்குக் குறைவில்லை. அங்கே நீளக்கை ஜெர்சி சல்லிசாகக் கிடைக்கும். கை கொஞ்சம் தளர்வாக உள்ளதாக எடுங்கள், உள்ளே பேட் அடங்கும்.

31. ஓரம் நைந்த காற்பந்துக் காலுறையைத் தூக்கிப் போடாதீர்கள். பாதப் பகுதியை வெட்டிவிட்டு, வெட்டிய விளிம்பை மடித்துத் தைத்தால் முன்கைக்குத் தடித்த உறை தயார். செம்பனை மட்டையின் முள் கீறலை அது நன்றாகவே தாங்கும். விழுந்த அடியைத் தாங்காது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஓட்டும் நாளில்

32. அன்றைக்குக் கையில் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். சிலிக்கான் பட்டை எண்ணெயில் பிடிக்காது, பேட் மணிக்கட்டுக்கு இறங்கிவிடும். எண்ணெய்க் குளியலை ஓட்டிவிட்டு வந்தபின் வைத்துக்கொண்டால் உடம்பு வலிக்கும் இதமாக இருக்கும்.

33. கொசு மருந்தில் டீட் இருந்தால் அது இழுபடும் துணியையும் பிளாஸ்டிக்கையும் அரிக்கும். பேட் உட்காரும் இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் பூசி, காய்ந்தபின் பேடைப் போடுங்கள். அட்டைக்காகக் காலில் பூசிய கையோடு பேடைத் தொடுவதற்கு முன் கையையும் கழுவிவிடுங்கள்.

34. போடும் வரிசை: பேட், அதன்மேல் ஜெர்சி, கடைசியாகக் கையுறை. கையுறையை முதலில் மாட்டிவிட்டால் இழுத்துப் போடும் பேட் விரலைத் தாண்டாது, எல்லாவற்றையும் கழற்றி மறுபடி தொடங்க வேண்டும். கைக்கடிகாரமும் மோதிரமும் வீட்டிலேயே இருக்கட்டும். விழுந்தால் அவையே தோலைக் கிழிக்கும்.

35. நீண்ட ஏற்றத்தில் புழுங்கினால் பேடைப் பையில் அடைக்காமல், முன்கைக்கு இறக்கிவிட்டுக்கொள்ளுங்கள். உச்சியில் நின்று தண்ணீர் குடிக்கும்போதே மேலே ஏற்றிவிட வேண்டும். இறங்க ஆரம்பித்தபின் யாரும் நிற்கப்போவதில்லை.

36. பேடின் உள்பக்கத்தில் பெயரும் வீட்டு எண்ணும் சலவைக்கு அழியாத மார்க்கரால் எழுதி வையுங்கள். ஜம்போரியில் ஒரே மாதிரி பேடுகள் கலந்துபோனாலும் கண்டுபிடிக்கலாம், அடிபட்டால் உதவிக்கு வருகிறவருக்கும் எண் கிடைக்கும். அவசரத்துக்கு 999 என்பது பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கட்டும்.

37. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. செம்மண் பாதை வழுக்கும், பேடும் நனைந்தே வரும். ஒரு ஜோடி காயும்வரை போட இன்னொரு மலிவு ஜோடி இருந்தால் நல்லது. ஈர பேடை மறுநாளும் போட்டால் தோல் அரித்துப் புண்ணாகும்.

துவைக்க, காயவைக்க

38. வந்தவுடன் பேடோடேயே குளியலறைக்குப் போங்கள். போட்டபடியே தண்ணீரைத் திறந்துவிட்டு, சோப்பை நுரைத்துத் தேய்த்து அலசினால் கையும் பேடும் ஒன்றாகச் சுத்தமாகும். பட்டையில் ஒட்டிய எண்ணெய்ப் பசையும் இதிலேயே போய்விடும், தனியாக வாளி வைக்கும் வேலை மிச்சம்.

39. மெஷினில் போட்டே ஆக வேண்டுமென்றால் நுரைக் கட்டியை உருவிவிட்டு, வெல்க்ரோவை மூடி, வலைப்பையில் போட்டுக் குளிர்ந்த நீரில் ஓடவிடுங்கள். ஜெமந்தாவில் தொடங்கிய நம் ஈகோ-ஷாப் போன்ற மலிவுக் கடைகளில் வலைப்பை கிடைக்கும். துணி மென்மையாக்கியும் வெளுக்கும் மருந்தும் எலாஸ்டிக்கைத் தளர்த்திவிடும், அவை வேண்டவே வேண்டாம்.

40. பிழியாதீர்கள். பழைய துண்டில் சுருட்டி மேலே ஏறி மிதித்தால் பாதி ஈரம் போய்விடும். பிறகு உள்ளே ஒரு காலி மினரல் தண்ணீர் பாட்டிலைச் செருகி, நிழலில் காற்றாடிக்குக் கீழே வைத்தால் வடிவமும் கெடாது. மழைநாளில் பாட்டிலுக்குப் பதில் பழைய மக்கள் ஓசையையோ மலேசிய நண்பனையோ கசக்கிச் செருகுங்கள்.

41. பேடைக் காரின் பின்பெட்டியில் விட்டுவிடாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் சூடு 50 டிகிரியைத் தாண்டும், பசையும் நுரையும் அதில் சீக்கிரம் கெடும். நாற்றம் பிடித்துவிட்டால் ஒரு வாளி நீரில் அரைக் கோப்பை வெள்ளைக் காடி கலந்து அரை மணி ஊறவைத்து அலசுங்கள்.

42. வெல்க்ரோ ஒட்டவில்லை என்றால் பெரும்பாலும் பஞ்சும் முடியும்தான் காரணம். பேன் சீப்பால் வாரினால் எல்லாம் வந்துவிடும். அப்படியும் பிடிக்காவிட்டால் தாமானில் இருக்கும் தையல்காரரிடம் பட்டையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்; புது பேடின் விலை மிச்சம்.

43. ஓடு விரிசல் விட்டாலும், நுரை அமுங்கி எழாவிட்டாலும் பேடின் வேலை முடிந்தது. ஆனால் குப்பையில் போட அவசரமில்லை. பூந்தொட்டி வேலைக்கு முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம், காரில் இரண்டு சைக்கிளை ஏற்றும்போது சட்டங்கள் உரசாமல் இடையில் செருகலாம்.

அடிபட்டால்

44. சிராய்ப்பில் மஞ்சளும் காப்பித்தூளும் அப்பாதீர்கள். ஓடும் தண்ணீரில் மண் போகும்வரை கழுவி, சுத்தமான துணியால் மூடினால் போதும். செம்பனை முள் மூட்டுப் பக்கத்தில் ஆழமாக ஏறியிருந்தால் ஊக்கால் தோண்ட வேண்டாம், மிச்சம் உள்ளே தங்கினால் மூட்டு வீங்கும், டாக்டர் எடுக்கட்டும்.

45. விழுந்தவரைக் கையை நேராக நீட்டச் சொல்லுங்கள். முழுசாக நீட்ட முடியவில்லை என்றால் முழங்கையில் எலும்பு முறிவு இருக்கலாம், எக்ஸ்ரே பார்த்தே ஆக வேண்டும். போகும்வழியில் துப்பட்டாவையோ நீளத் துண்டையோ கழுத்தில் கட்டிக் கையைத் தாங்கவிட்டால் வலி குறையும்.

46. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான், சின்னக் காயம்தானே என்று தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் யார் எப்போது டெட்டனஸ் ஊசி போட்டார்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்தால், கேட்டவுடன் சொல்லலாம். சேற்றுநீர் பட்ட காயத்துக்குப் பிறகு சில நாளிலோ ஓரிரு வாரத்திலோ காய்ச்சல் வந்தால், எங்கே ஓட்டினோம் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலா என்று பார்க்க அது உதவும்.